வானியல் வரலாற்றில் பெரிய பகிடி எது? திருமலை (திருகோணமலை) ஆட்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும்

கச்சான்காற்று (இழையைத் தொடங்கியவர்)

பாடப்புத்தகத்தில் வானியலாளர் எல்லாருக்கும் தாடியும் கம்பீரமும் இருக்கிறது. ஒருவராவது தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகப் படம் இல்லை. உண்மைக் கதைகளைத் தோண்டினால், பாதி வானியல் தலையில் கைவைத்த நேரங்களால்தான் ஆனது போலிருக்கிறது. அதனால்தான் இந்த இழை. ஆளுக்கொரு கதை நிறுத்துங்கள், கடைசியில் ஓட்டெடுப்போம். கதை உண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

முதல் வேட்பாளர் என் ஆள்: பிரான்ஸ் நாட்டு கியோம் லெ ஜென்டி.

1761 ஜூன் 6 அன்று வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே போகும் என்று கணக்கு. உலகத்தின் பல மூலைகளிலிருந்து அதைப் பார்த்து நேரம் குறித்தால் சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம் என்பது எட்மண்ட் ஹாலி 1716இல் விளக்கிவிட்டுப் போன யோசனை. லெ ஜென்டிக்குக் கிடைத்த மூலை புதுச்சேரி. 1760 மார்ச்சில் கப்பல் ஏறினார். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் ஏழாண்டுப் போர் நடக்கிற காலம். மொரீசியஸில் மாதக்கணக்கில் காத்திருந்து, ஒரு போர்க்கப்பலில் இடம் பிடித்து, மலையாளக் கரை வரை வந்து சேர்ந்தால் செய்தி வருகிறது: புதுச்சேரி ஜனவரியிலேயே ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. கப்பல் திரும்பிவிட்டது. ஜூன் 6 அன்று வானம் நல்ல வெளிச்சம். நம்மாள் நடுக்கடலில். ஆடுகிற தளத்தில் ஊசல் கடிகாரம் ஓடாது, கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்பதும் சரியாகத் தெரியாது. பார்த்தார், குறித்தார், அந்தக் குறிப்பு ஒன்றுக்கும் உதவவில்லை.

சரி, அடுத்தது எட்டு வருடத்தில், 1769இல் வரும். ஊருக்குப் போய்த் திரும்பி வருவதைவிட இங்கேயே இருந்துவிடலாம் என்று முடிவெடுத்தார். முதலில் மணிலா போனார், பிறகு பாரிஸ் சொன்னபடி புதுச்சேரிக்கே வந்தார். அதற்குள் ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியிருந்தது. இடிந்து கிடந்த ஆளுநர் மாளிகையின் மேல் ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். சென்னையிலிருந்து ஆங்கிலேயரே ஒரு தொலைநோக்கி கொடுத்து உதவினார்கள். மே மாதம் முழுக்கக் காலை வானம் கண்ணாடி மாதிரி. ஜூன் 4 விடியற்காலை மட்டும் மேகம். வெள்ளி சூரியனைக் கடந்து முடித்த பிறகு மேகம் விலகி, நாள் முழுக்க வெயில். மணிலாவில் அன்று வானம் சுத்தமாக இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டார்.

1771இல் பாரிஸ் திரும்பினால் இவர் செத்துவிட்டார் என்று முடிவுகட்டி, அறிவியல் கழகத்தில் இவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று. உறவினர்கள் சொத்தைப் பிரிக்கிற வேலையில் இருந்தார்கள். உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வழக்குப் பேச வேண்டியதாயிற்று.

இதை மிஞ்சுகிற கதை இருந்தால் கொண்டுவாருங்கள்.

நிலாவெளிக்காரி

ஐயோ பாவம். ஆனால் ஒரு கேள்வி. 1761இல் நம்ம ஊர் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கையில். ஒல்லாந்தர் அந்தப் போரில் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஜூன் மாதம் இங்கே கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற காலம், வானம் வறண்டு கிடக்கும். மே கடைசியில் மலையாளக் கரையில் நின்ற மனுசன், காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு இலங்கையைச் சுற்றித் திருமலைக்கு வந்திருக்கலாமே? கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலைக்கு மேல் தொலைநோக்கியை வைத்தால் கிழக்கே கடலைத் தவிர மறைக்க ஒன்றுமில்லை.

ஓர்ஸ்ஹில்_வாத்தி

தங்கச்சி, யோசனை நல்லது. ஆனால் வந்து இறங்கினால் மட்டும் போதாது. கடிகாரத்தைத் தரையில் ஊன்றி, நாட்கணக்கில் சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்த்து அதைச் சரிப்படுத்த வேண்டும். வியாழனின் துணைக்கோள்கள் மறைகிற நேரத்தைப் பார்த்துத் தீர்க்கரேகை எடுக்க வேண்டும். கைவசம் இருந்தது இரண்டு கிழமைக்கும் குறைவு. தவிர, அவர் அந்தக் கப்பலில் பயணி. திருப்புவதா நிறுத்துவதா என்பது கப்டனின் முடிவு.

கச்சான்காற்று

அதோடு, போர்க்கப்பலை உள்துறைமுகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தி, "வெள்ளி பார்க்க வந்தோம்" என்று சொன்னால் எந்த ஒல்லாந்தத் தளபதி நம்புவான்? 1782இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன் வந்தபோது திருமலையைப் பிடிக்கத்தானே வந்தான்.

ஓர்ஸ்ஹில்_வாத்தி

இப்போது இழைக்கே ஓர் ஆட்சேபம். மேகம் மறைத்தால் அது பகிடி இல்லை, தலைவிதி. தன் கையால் தானே செய்துகொண்டதாக இருந்தால்தான் பகிடி என்று நான் ஒத்துக்கொள்வேன். லெ ஜென்டி பாவம் ஒரு பிழையும் விடவில்லை. அவரைப் பார்த்துச் சிரிப்பது எனக்குச் சம்மதமில்லை.

அந்த விதிப்படி என் வேட்பாளர் கேம்பிரிட்ஜின் ஜேம்ஸ் சாலிஸ்.

யுரேனஸ் கணக்குப்படி நடக்காமல் விலகி விலகிப் போகிறது, அதை இழுக்கிற இன்னொரு கோள் வெளியே இருக்க வேண்டும் என்று பிரான்சில் லெவெரியேயும் இங்கிலாந்தில் ஜான் கவுச் ஆடம்சும் தனித்தனியே கணக்குப் போட்டார்கள். தேடுகிற வேலை சாலிஸிடம் வந்தது. 1846 ஜூலை கடைசியில் தொடங்கினார். ஆகஸ்ட் 4ஆம் திகதி அந்தக் கோளைப் பார்த்துக் குறித்தார். ஆகஸ்ட் 12ஆம் திகதி திரும்பவும் பார்த்துக் குறித்தார். இரண்டு குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு புள்ளி நகர்ந்திருப்பது தெரிந்திருக்கும். ஒப்பிடும் வேலையைப் பிறகு செய்யலாம் என்று வைத்துவிட்டார்.

செப்டெம்பர் 23 அன்று லெவெரியேயின் கடிதம் பேர்லினுக்குப் போய்ச் சேர்ந்தது. காலேயும் அவருடைய உதவியாளர் தாரெஸ்ட்டும் அன்றிரவே ஒரு புதிய நட்சத்திர வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு தேடினார்கள். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. ஒரே இரவு.

இதில் கைகொட்டிச் சிரிக்க வேண்டியது சாலிஸைப் பார்த்து மட்டுமல்ல. கலிலியோ 1612 டிசம்பரிலும் 1613 ஜனவரியிலும் வியாழனுக்குப் பக்கத்தில் இதே நெப்டியூனை நட்சத்திரம் என்று குறித்துவைத்திருக்கிறார். பாரிஸில் லாலாந்தின் ஆய்வகத்தில் 1795 மே 8, 10 ஆகிய இரண்டு இரவும் பார்த்திருக்கிறார்கள். இரண்டு இடமும் பொருந்தவில்லை. "முதல் இரவு பிழையாக அளந்துவிட்டோம்" என்று முடிவுசெய்து அந்த அளவைத் தள்ளிவிட்டார்கள். கோள் நகரும் என்பதை வானியலாளருக்கே யாராவது நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

கிண்ணியா_காக்கா

சேர் சொன்ன விதி நல்ல விதி. பிறை பார்க்கிற ராவில் கடற்கரையில் நின்றவனுக்கு இது தெரியும். பார்த்தவன் ஒருத்தன், பார்த்ததாக நினைத்தவன் பத்துப் பேர், பார்த்தும் விளங்காதவன் ஒருத்தன். சாலிஸ் கடைசி ஆள்.

நான் நடு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். பேர்சிவல் லோவெல். அமெரிக்காவில் அரிசோனாவில் சொந்தக் காசில் 1894இல் ஆய்வகம் கட்டிய பணக்காரர். செவ்வாயில் கால்வாய் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று புத்தகம் புத்தகமாக எழுதியவர். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். அதைவிட நல்லது வெள்ளிக் கதை. 1896இல் வெள்ளியைப் பார்த்துவிட்டு, நடுவிலே ஒரு புள்ளி, அதிலிருந்து வண்டிச்சில்லின் ஆரக்கால் மாதிரிக் கோடுகள் என்று வரைந்தார். வெள்ளி முழுக்கத் தடித்த மேகம், அங்கே ஒரு கோடும் தெரியாது. வேறு யாருக்கும் அது தெரியவுமில்லை.

அவரிடம் இருந்தது 24 அங்குலத் தொலைநோக்கி. வெள்ளியின் வெளிச்சம் கண் கூசுகிறதென்று வாயை 3 அங்குல அளவுக்கு மூடிவிட்டுப் பார்த்தார். அப்படிச் செய்தால் கண்ணுக்குள் போகிற ஒளிக்கற்றை மெல்லிசாகி, விழித்திரையில் ஓடுகிற இரத்தக் குழாய்களின் நிழலே தெரியத் தொடங்கும். கண் டொக்டர் கண்ணுக்குள் பார்க்கிற கருவியும் ஏறக்குறைய இந்த அமைப்புத்தான். ஓய்வுபெற்ற ஒரு கண் பரிசோதகர்தான் நூறு வருடம் கழித்து இந்த விளக்கத்தைச் சொன்னார். மனுசன் தன் கண்ணையே வரைந்துவிட்டு அது வேற்றுக்கோள் என்று அச்சடித்திருக்கிறார்.

ரொறன்ரோ_திருமலையான்

காக்கா 👏 இரவுச் சாப்பாட்டுக்கு முன் படித்திருக்கக் கூடாது, தேத்தண்ணி மூக்கால் வந்துவிட்டது.

நான் நம்ம காலத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற இடத்தில் 64 மீற்றர் ரேடியோ தொலைநோக்கி. 1998 முதல் அதில் அவ்வப்போது ஒரு விசித்திரமான சிக்னல். விண்வெளியின் ஆழத்திலிருந்து வருகிற வேக ரேடியோ வெடிப்பு மாதிரியே உருவம், ஆனால் அது பூமியிலிருந்துதான் வருகிறது என்று சந்தேகம். மின்னலா, வளிமண்டலமா என்று கட்டுரைகள் வந்தன. புராணப் பிராணி ஒன்றின் பெயரைப் பிடித்து 'பெரிட்டன்' என்று பெயரும் வைத்தார்கள். ஒரு சின்ன விசயம்தான் இடித்தது: இந்த அண்டவெளி மர்மம் கிழமை நாட்களில், அலுவலக நேரத்தில் மட்டும் வருகிறது.

2015இல் கண்டுபிடித்தார்கள். மைக்ரோவேவ் அடுப்பு. நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை பொறுக்காமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்தால் அந்த ஒரு கணம் கசிகிற அலை. தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் மாட்டிக்கொள்ளும்.

பதினேழு வருடத்து மர்மத்துக்குக் காரணம் யாரோ ஒருவரின் பசி. சேரின் விதிப்படி இதற்கு மேல் என்ன வேண்டும்?

நிலாவெளிக்காரி

மைக்ரோவேவுக்கு ஓர் அண்ணன் இருக்கிறார்: நெருப்புப்பெட்டி.

1960களின் தொடக்கத்தில் பிரான்சின் ஓட் ப்ரோவான்ஸ் ஆய்வகத்தில் ஒரு சாதாரண நட்சத்திரத்தின் நிறமாலையில் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து எடுத்த படத்தில்) திடீரென்று பொட்டாசியத்தின் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. அடுத்த படத்தில் இல்லை. இன்னும் சில நட்சத்திரங்களிலும் அப்படியே. பொட்டாசியம் கக்குகிற புதுவகை நட்சத்திரம் என்று ஆராய்ச்சிக் கட்டுரையே வந்தது. கலிபோர்னியாவில் மூன்று பேர் எவ்வளவு தேடியும் அவர்களுக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. சந்தேகப்பட்டு, நிறமாலைமானிக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் பார்த்தார்கள். அதே கோடுகள். தீக்குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. 1967இல் எழுதி வெளியிட்டார்கள்.

இருட்டில் தொலைநோக்கியோடு தனியாக இருக்கிற ஆள் சிகரெட் பற்றவைத்ததுதான் அந்தப் புதுவகை நட்சத்திரம்.

பஞ்சாங்கப்பிரியன்

எல்லாரும் வெள்ளைக்காரன் கதையாகவே சொல்கிறீர்கள். லெ ஜென்டி கதையில் கச்சான் தம்பி விட்டுவிட்ட பகுதி ஒன்று இருக்கிறது. நமக்கு வேண்டியதே அதுதான்.

இரண்டாவது கடப்புக்காகப் புதுச்சேரியில் காத்திருந்த காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. அங்கிருந்த ஒரு தமிழரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். தாளில்லை, பேனா இல்லை. தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, அட்டவணைகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே கணக்குப் போடுகிற முறை. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள். எழுத்தெல்லாம் எண்ணாக வைத்துக் கட்டிய சொற்றொடர்கள். நம்ம வாக்கிய பஞ்சாங்கத்தின் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

லெ ஜென்டி அதைச் சோதித்துப் பார்த்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைவு. அன்று ஐரோப்பாவின் தலைசிறந்த அட்டவணை என்று பெயர்பெற்ற தோபியாஸ் மேயரின் கணக்கு 68 விநாடி அதிகம். அரசாங்கச் செலவில் உலகம் சுற்றி வந்த மனுசனுக்கு வெள்ளியும் காட்சி தரவில்லை, அதற்கு மேல் சோழி வைத்திருந்தவர் வேறு கணக்கில் முந்திவிட்டார்.

ஓர்ஸ்ஹில்_வாத்தி

ஐயா, எனக்கும் பெருமைதான். ஆனால் ஒரே ஒரு கிரகணத்தை வைத்து வெற்றி கொண்டாடக் கூடாது. சந்திர கிரகணத்தில் பூமியின் நிழலுக்குக் கூரான ஓரமே கிடையாது, மங்கலாகத்தான் இருக்கும். எப்போது தொட்டது எப்போது விட்டது என்று கண்ணால் பார்த்து ஒரு நிமிடத்துக்குள் இரண்டு பேர் ஒத்துப்போவதே கஷ்டம். 41க்கும் 68க்கும் உள்ள வித்தியாசம் அதற்குள் அடங்கிவிடும். மேயரின் சந்திர அட்டவணை கடலில் தீர்க்கரேகை காண உதவியதற்காக, அவர் இறந்த பிறகு 1765இல் அவருடைய மனைவிக்கு இங்கிலாந்து 3000 பவுண் கொடுத்தது. அது சும்மா கொடுத்த காசில்லை.

பஞ்சாங்கப்பிரியன்

சேர், சோழிக்காரரின் மனைவிக்கு யாராவது மூன்று பவுணாவது கொடுத்தார்களா?

ஓர்ஸ்ஹில்_வாத்தி

அது நியாயமான கேள்வி ஐயா. அதற்கு என்னிடம் பதிலில்லை 😄

தம்பலகாமம்_வயல்காரன்

வாசிக்க வாசிக்க நல்லாயிருக்கிறது. எனக்கு ஒரே ஒரு கதைதான் தெரியும். தைக்கோ பிராகே என்ற டென்மார்க் பிரபு ஒரு மூஸ் மான் வளர்த்தாராம். அது ஒரு கோட்டையில் விருந்துக்குப் போன இடத்தில் நிறையப் பீர் குடித்துவிட்டுப் படியில் உருண்டு செத்ததாம். அவர் மூக்கும் பித்தளையாம். இதெல்லாம் உண்மையா?

கச்சான்காற்று

உண்மைதான் அண்ணை. மூக்கு 1566இல், இருபது வயதில், வாள்சண்டையில் போனது. சண்டை பிடித்தது ஓர் உறவுக்காரருடன், கணிதத்தில் யார் கெட்டிக்காரர் என்ற தகராறு என்கிறார்கள். பொன்னும் வெள்ளியும் கலந்த மூக்கு என்றுதான் வெகுகாலம் கதை. 2010இல் கல்லறையைத் திறந்து எலும்பைச் சோதித்தபோது பித்தளைக்குரிய செம்பும் துத்தநாகமும்தான் அகப்பட்டன. மான் கதை அவரே ஒரு கடிதத்தில் எழுதியது.

நம்ம கோட்டை மான்கள் ஊருக்குள் வந்து சோற்றுப் பார்சலையே கடதாசியோடு தின்கின்றன. பீர் மட்டும்தான் பாக்கி. யாரும் யோசனை சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

ஆனால் மான் ஓட்டுக்கு வராது அண்ணை. குடித்தது மான், வானியலாளர் இல்லை.

தம்பலகாமம்_வயல்காரன்

அவர் செத்ததும் அப்படி ஒரு காரணத்தால் என்று கேள்விப்பட்டேன்?

கச்சான்காற்று

1601இல் பிராகாவில் ஒரு விருந்து. நடுவில் எழுந்து போவது மரியாதையில்லை என்று சிறுநீரை அடக்கிக்கொண்டு இருந்தார். வீட்டுக்குப் போனபின் போக முடியவில்லை. பதினொரு நாளில் இறந்துவிட்டார். இதில் சிரிக்க எனக்கும் மனமில்லை, கலியாண வீட்டில் வீடியோக்காரனுக்குப் பயந்து நானும் இருந்திருக்கிறேன்.

நிலாவெளிக்காரி

அவருடைய வேலையைத் தொடர்ந்த கெப்ளரை விட்டுவிட்டுப் போக முடியாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1610இல் கலிலியோ சனியைப் பார்த்தார். பெரிய உருண்டையும் இரண்டு பக்கமும் இரண்டு சின்ன உருண்டையுமாகத் தெரிந்தது. வளையம் என்று அவருக்கு விளங்கவில்லை. வெளியே சொன்னால் வேறு யாரும் தனதென்று சொல்லிவிடுவான், சொல்லாமல் விட்டால் வேறொருவன் முந்திவிடுவான். அதனால் "மிக உயரத்திலுள்ள கோளை மூன்றாகக் கண்டேன்" என்ற லத்தீன் வாக்கியத்தின் 37 எழுத்தையும் குலைத்துக் கலக்கி, அர்த்தமில்லாத ஒரு சரமாகப் பலருக்கும் அனுப்பினார். கெப்ளருக்கும் ஒரு பிரதி போனது.

கெப்ளருக்குப் பொறுக்குமா? உட்கார்ந்து எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி, கொஞ்சம் இழுத்துப் பறித்து, விடை கண்டுபிடித்துவிட்டார்: "செவ்வாயின் இரட்டைப் பிள்ளைகளே, வணக்கம்." அதாவது செவ்வாய்க்கு இரண்டு நிலா. முழுப் பிழை. சனியைப் பற்றி எழுதியதைச் செவ்வாயில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

1877இல் அசாப் ஹோல் செவ்வாயைப் பார்த்தார். இரண்டு நிலா இருந்தது.

இன்னும் முடியவில்லை. அதே 1610 டிசம்பரில் கலிலியோ இன்னொரு புதிர் அனுப்பினார். வெள்ளியும் நம்ம நிலா மாதிரித் தேய்ந்து வளர்கிறது என்பது விடை. கெப்ளர் முயன்று பார்த்த விடைகளில் ஒன்று: வியாழனில் ஒரு சிவப்புப் புள்ளி சுற்றுகிறது. அதுவும் பிழை. வியாழனில் சிவப்புப் புள்ளி இருக்கிறது, சுற்றுகிறது!

பரீட்சையில் கேள்வியைப் பிழையாக வாசித்து, வேறு பாடத்துக்குச் சரியான விடை எழுதிய பிள்ளைக்கு எத்தனை புள்ளி கொடுப்பீர்கள் சேர்?

ஓர்ஸ்ஹில்_வாத்தி

பூச்சியம். ஆனால் விடைத்தாளைக் கண்ணாடி போட்டு மாட்டிவைப்பேன்.

கலிலியோவும் தப்பவில்லை. 1612இல் திரும்பச் சனியைப் பார்த்தபோது பக்கத்து உருண்டைகள் இரண்டும் காணாமல் போயிருந்தன. வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பி நின்றதால் மறைந்துவிட்டது. தன் பிள்ளைகளைத் தின்ற சனிக் கடவுளின் பழங்கதையைச் சொல்லி, இதுவும் தின்றுவிட்டதா என்று நொந்து எழுதினார். ஹைகன்ஸ் வந்து அது வளையம் என்று சொல்ல 1650கள் ஆயிற்று.

கிண்ணியா_காக்கா

கடல் ஆட்களுக்கு ஒரு கதை பாக்கி இருக்கிறது. மீன் கதை.

ஐசக் நியூட்டன் 'பிரின்சிப்பியா'வை எழுதி முடித்தார். கோள் ஏன் சுற்றுகிறது, வால்வெள்ளி எப்படி வளைந்து போகிறது, கடல் ஏன் ஏறி வற்றுகிறது எல்லாம் அதில் இருக்கிறது. அச்சடிக்க வேண்டியது லண்டன் ராயல் சொசைட்டி. கையில் காசில்லை. ஏன் இல்லை? 1686இல் பிரான்சிஸ் வில்லுபி எழுதிய 'மீன்களின் வரலாறு' என்ற படம் போட்ட பெரிய புத்தகத்தை அச்சடித்து, அது விற்காமல் அடுக்கி வைத்துக் கிடக்கிறது. கடைசியில் ஹாலி தன் கைக்காசைப் போட்டு 1687இல் நியூட்டன் புத்தகத்தை வெளியே கொண்டுவந்தார்.

ஹாலி அந்தச் சங்கத்தில் எழுத்தர் வேலை பார்த்தவர். சம்பளம் 50 பவுண் என்று பேச்சு. காசில்லாததால் மீன் புத்தகத்தில் 50 பிரதியை அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

எங்கள் பக்கம் மீன் விற்கவில்லையென்றால் கருவாடாகவாவது போடலாம். ஹாலி அந்த ஐம்பதை என்ன செய்திருப்பார்?

தம்பலகாமம்_வயல்காரன்

என் ஓட்டு மீனுக்கு.

ரொறன்ரோ_திருமலையான்

புறாவை யாரும் சொல்லவில்லையே? நிலாவெளியிலிருந்து புறாத்தீவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கட்டாயம்.

1964இல் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு பேருக்குப் பெரிய கொம்பு வடிவ அன்டெனாவில் ஓயாத இரைச்சல். எந்தப் பக்கம் திருப்பினாலும், எந்தப் பருவத்திலும் அதே அளவு. உள்ளே பார்த்தால் ஒரு சோடிப் புறா கூடு கட்டி எச்சம் போட்டு வைத்திருக்கிறது. பிடித்துத் தூரத்துக்கு அனுப்பினார்கள். புறா அல்லவா, திரும்பி வந்துவிட்டது. கடைசியில் சுடத்தான் வேண்டியிருந்தது. எச்சத்தைச் சுரண்டிக் கழுவிய பின்பும் இரைச்சல் கொஞ்சமும் குறையவில்லை. அது பெருவெடிப்பின் எஞ்சிய வெப்பம். 1978இல் நோபல் பரிசு. புறாவைப் பிடித்த கூடு இப்போது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில்.

பார்க்ஸ்காரர் விண்வெளி என்று நினைத்தது அடுப்பாக இருந்தது, இவர்கள் புறா எச்சம் என்று நினைத்தது பிரபஞ்சத்தின் தொடக்கமாக இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு வேட்பாளராக ஏற்றுக்கொள்ள முடியுமா?

கச்சான்காற்று

முடியாது. தனித்தனியே நிற்கட்டும்.

நிலாவெளிக்காரி

சின்னதாக இரண்டு. 2018 மார்ச்சில் தென்னாபிரிக்காவிலிருந்து ஒரு வானியலாளர், இதற்கு முன் அங்கே இல்லாத மிகப் பிரகாசமான ஒரு பொருளைத் தனு ராசிப் பக்கம் கண்டதாக உலக வானியலாளருக்கெல்லாம் அவசர அறிவிப்பு அனுப்பினார். ஒரு மணி நேரத்துக்குள் மன்னிப்போடு திருத்தம் வந்தது: அது செவ்வாய். 2025 ஜனவரியில் புதிய சிறுகோள் என்று பதிவாகி எண்ணும் பெற்ற ஒன்று, அடுத்த நாளே நீக்கப்பட்டது. 2018இல் ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிய டெஸ்லா கார்.

இதோடு நம்ம நாட்டுக் கதை ஒன்று. 1955 ஜூன் 20 முழுச் சூரிய கிரகணம் இலங்கையில் தெரிந்தது. அந்த நூற்றாண்டிலேயே நீளமான கிரகணம், உச்சத்தில் 7 நிமிடம் 8 விநாடி. அந்த நேரத்தில் வசம்பு சேர்த்த ஒரு சரக்கைக் குடித்தால் உடம்பு வெளுக்கும் என்று யாரோ கிளப்பிவிட, குடித்த பெண்கள் பலர் வாந்தியும் மயக்கமுமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அம்மம்மாவிடம் கேட்டால் "நான் குடிக்கவில்லை" என்று மிக வேகமாகச் சொல்வார்.

பஞ்சாங்கப்பிரியன்

கிரகணத்தில் சாப்பிடக் கூடாது என்று சொன்ன பெரியவர்களைப் பகிடி பண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஓர்ஸ்ஹில்_வாத்தி

கடைசியாக ஒன்று. இது சாலிஸைவிடப் பெரிது.

நெப்டியூனைக் கணக்கால் பிடித்த லெவெரியேக்கு அடுத்து புதன் தலைவலி. அதன் பாதை நூறு வருடத்துக்கு ஒரு சிறு அளவு கூடுதலாகத் திரும்புகிறது, நியூட்டன் கணக்குக்குள் வரவில்லை. ஒரு தடவை வென்ற வழியையே திரும்பப் பிடித்தார்: சூரியனுக்கும் புதனுக்கும் இடையில் தெரியாத கோள் இருக்கிறது. 1859இல் அப்படிச் சொன்னவுடன் ஓர்ஜேர் என்ற கிராமத்து வைத்தியர் லெஸ்கார்போ, மார்ச் மாதமே அதைப் பார்த்துவிட்டேன் என்று கடிதம் எழுதினார்.

லெவெரியே சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டுக்குப் போய் நின்றார். விநாடி எப்படி எண்ணினாய்? கடிகாரத்தில் விநாடி முள் இல்லை, ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்ட குண்டு. கணக்கு எங்கே? பலகையில் எழுதினேன், புது வேலை வந்தால் சீவிவிட்டுத் திரும்ப எழுதுவேன். உலகத்திலேயே கடுகடுப்பான வானியலாளர் என்று பெயரெடுத்த லெவெரியே இதை நம்பிவிட்டார்! கோளுக்கு வல்கன் என்று பெயர். வைத்தியருக்குப் பிரான்சின் உயர்ந்த விருது. ஐம்பது வருடத்துக்கு மேல் பலரும் வல்கனைத் தேடினார்கள், சிலர் பார்த்தும்விட்டார்கள். 1915இல் ஐன்ஸ்டைன் புதனின் அந்தக் கூடுதல் திருப்பத்தை, நூறு வருடத்துக்கு 43 விகலையை (விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு), தன் ஈர்ப்புக் கணக்கிலேயே கொண்டுவந்து காட்டினார். வல்கனுக்கு இனி வேலையில்லை.

சாலிஸ் இருந்த கோளைத் தவறவிட்டார், இவர் இல்லாத கோளுக்கு விருது வாங்கிக்கொடுத்தார்.

கச்சான்காற்று

ஓட்டு முடிந்தது. மைக்ரோவேவ் அடுப்பு முதலிடம். கெப்ளரின் பிழையான சரி இரண்டாவது. மீன் புத்தகம் மூன்றாவது, அதற்கு விழுந்த ஓட்டெல்லாம் கொட்டியாரக்குடாவைச் சுற்றியே விழுந்திருக்கிறது, விசாரிக்க வேண்டும். வல்கனுக்கு சேரின் ஓட்டு மட்டும்.

என் லெ ஜென்டிக்கு ஒன்றுமில்லை. சேரின் விதி அவரைக் கொன்றுவிட்டது.

ஓர்ஸ்ஹில்_வாத்தி

தம்பி, அவருக்கு நிலாவில் ஒரு பள்ளத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த மரியாதையே போதும்.

கச்சான்காற்று

சேர், அது எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? நிலாவின் தென் விளிம்பில், ஒட்டிக்கொண்டு. நிலா கொஞ்சம் சரிந்து அந்தப் பக்கத்தை நமக்குக் காட்டுகிற நாளில்தான் ஒழுங்காகத் தெரியும்.

கிண்ணியா_காக்கா

அன்றைக்கு மேகம் இருக்கும்.